மிஞ்சிய டர்க்கிக்கு ஒரு காரைக்குடி வழி

பக்கத்து வீட்டு விருந்தில் கட்டிக் கொடுத்த டர்க்கியை, அதாவது வான்கோழி ரோஸ்ட்டை, குழம்பில் போட்டால் ரப்பராகிறது, என்ன செய்வது என்று வெளிநாட்டுக்குப் புதிதாகப் போன தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். எட்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவன் நான். முதல் வருடம் இதே தப்பைத்தான் செய்தேன்.

தம்பி, அது ஏற்கெனவே வெந்த கறி. பச்சைக் கறி போலக் கொதிக்கவிட்டால் தசை இன்னும் இறுகி, மிச்ச நீரையும் கக்கிவிடும். நெஞ்சுக் கறியில் கொழுப்பும் குறைவு. அதனால் அதை உப்புக்கண்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் காயவைத்த கண்டத்தை அப்பத்தா அப்படியேவா போடுவார்? நன்றாகத் தட்டி, நார் நாராகப் பிய்த்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்குவார். டர்க்கிக்கும் அதே கதிதான். மசாலா முழுக்க வதங்கிய பிறகு கறியைப் போட்டு, இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து, ஆவி பறக்கச் சூடானதும் இறக்கிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கோலா உருண்டைதான் முதல் தேர்வு. கறி காய்ந்திருப்பது அங்கே குறையே இல்லை, உருண்டை பிடிக்கச் சுலபம். கால் கிலோ கறிக்கு நான்கு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, ஒரு கைப்பிடி தேங்காய், சோம்பு, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம். மிக்ஸியில் நிறுத்தி நிறுத்திச் சுற்றுங்கள், கூழாக்க வேண்டாம். உதிர்ந்தால் ஒரு முட்டை. உப்பை ருசி பார்த்துச் சேருங்கள், ரோஸ்ட்டில் முன்பே ஏறியிருக்கும். எங்கள் வீட்டில் கசகசாவும் அரைப்போம். அமீரகத்தில் இருப்பவர்கள் அதைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், அங்கே தடை.

உருண்டையைப் பொரிக்க எண்ணெய்ச் சட்டி வைத்தால் ஃபிளாட்டில் புகை அலாரம் கத்தும். நான் குழிப்பணியாரக் கல்லில் குழிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுட்டெடுத்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் காலி செய்தார்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்த கறிக்கு மூன்று, நான்கு நாள்தான் கணக்கு. அதற்குள் முடியாது என்றால் பிய்த்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். விருந்து மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கறி என்றால் வாங்கியே வராதீர்கள், கொடுப்பவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

எலும்பைக் குப்பையில் போடாதீர்கள். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம். குளிருக்கு அதுதான்.