பழைய போர்டுல இருக்குற செம்பும் தங்கமும்: பாக்டீரியாவை நம்பி இறங்கலாமா?

ஊருணிக்கரை:
காரைக்குடி சுத்துவட்டாரத்துல பழைய இரும்புக்கடைக்குப் போற கம்ப்யூட்டர் போர்டு, செல்போன் எல்லாம் என்ன ஆவுதுன்னு பாத்திருக்கீங்களா? செம்புக்காக ஒயரைக் கொளுத்துறாங்க, முலாம் தங்கத்துக்காக போர்டை ஆசிட்ல போடுறாங்க, மிச்சம் மீதி வாய்க்கால் வழியா கண்மாய்க்குப் போவுது, அந்தத் தண்ணியத்தான் மாடு குடிக்குது. சிலியில செம்புச் சுரங்கத்துல பாக்டீரியாவை வச்சே உலோகத்தைக் கரைக்கிறாங்க, பின்லாந்துல தல்விவாரா சுரங்கத்துல 2008ல இருந்து நிக்கலையே இப்படித்தான் எடுக்குறாங்க. நம்ம ஊர்ல சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அழகப்பா யுனிவர்சிட்டி இருக்கு. பழைய போர்டுல இருந்து பாக்டீரியா வச்சு உலோகம் பிரிக்க இங்க ஒரு சென்டர் கேட்டு மனு போடுவோம், கையெழுத்து வேணும்.

பட்டறைக்காரர்:
தம்பி, நான் தங்கத்தோடயே பொழங்குறவன். ராஜதிராவகத்துல, அதான் ரெண்டு கடும் ஆசிட்டைக் கலந்ததுல போட்டா தங்கம் சில மணி நேரத்துல கரைஞ்சிடும். உங்க பாக்டீரியாவுக்கு நாள்கணக்கு, வாரக்கணக்கு ஆவும். அதுவரைக்கும் முதல் போட்டவனுக்கு வட்டி யாரு கட்டுறது?

தேவகோட்டை மைக்ரோ:
அண்ணே, தங்கத்தையும் செம்பையும் ஒண்ணாப் போட்டுக் குழப்ப வேணாம். போர்டுல அதிகமா இருக்குற உலோகம் செம்புதான். ஆசிடித்தியோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ்னு ஒரு பாக்டீரியா, பி.எச். 2 பக்கத்துல, அதாவது நல்ல புளிப்புல வளரும். தண்ணியில கரைஞ்ச இரும்புக்கு ஃபெரஸ், ஃபெரிக்னு ரெண்டு வடிவம். அந்தப் பாக்டீரியா ஃபெரஸை ஃபெரிக்கா மாத்தும், ஃபெரிக் போய் செம்பைக் கரைச்சிட்டு திரும்ப ஃபெரஸா ஆயிடும், பாக்டீரியா மறுபடி அதை ஃபெரிக்கா மாத்தும், அதே இரும்பு சுத்திச் சுத்தி வேலை செய்யும். கரைஞ்ச செம்பை மின்சாரம் விட்டு தகடா இறக்கிடலாம். 1948ல அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து சிக்ரியைக் கொண்டுவந்தாரே, அங்க நடக்குறது இந்த மின்வேதியியல்தானே.

பட்டறைக்காரர்:
சரி, தங்கம்?

தேவகோட்டை மைக்ரோ:
குரோமோபாக்டீரியம் வயலேசியம்னு ஒண்ணு தானே கொஞ்சம் சயனைடு உண்டாக்கும், அதுல தங்கம் கரையும்.

பட்டறைக்காரர்:
சயனைடா! கர்நாடகா கோலார்ல 2001ல தங்கச் சுரங்கத்தை மூடுனாங்க, சயனைடு மண்ணு இன்னும் மலை மலையாக் கெடக்கு. நம்ம தமிழாளுங்க குடும்பம் அந்தப் புழுதிக்குப் பக்கத்துலதான் இருக்கு. அதை இங்கயும் கொண்டுவரச் சொல்றீங்களா?

தேவகோட்டை மைக்ரோ:
கோலார் அளவுக்கெல்லாம் வராதுண்ணே, இந்தப் பாக்டீரியா விடுற சயனைடு ரொம்பக் கம்மி, அதையும் அதுவே சிதைச்சிடும். ஆனா அதனாலதான் தங்கமும் கம்மியா வருது, போதாததுக்கு அந்தக் கிருமி மனுஷனுக்கும் அபூர்வமா நோய் குடுக்கும். அதனால மனுவுல தங்கத்தை எழுதாதீங்க, செம்பை மட்டும் எழுதுங்கன்னுதான் நான் சொல்வேன்.

பள்ளத்தூர் வள்ளி:
செடி வச்சு எடுக்கலாமாமே? எங்க பக்கம் சீமைக்கருவேலம் மண்டுன தரிசு எவ்வளவோ சும்மா கெடக்கு.

தேவகோட்டை மைக்ரோ:
ஆச்சி, மலேசியாவுல சபா மாநிலத்துல நம்ம கீழாநெல்லி இனத்துலயே ஒரு செடி இருக்கு, இலையைக் காயவச்சா எடையில நூத்துல ஒரு பங்குக்கு மேல நிக்கல். அல்பேனியாவுல வேற ஒரு செடியை வச்சு ஒரு ஹெக்டேருக்கு நூறு கிலோ பக்கம் எடுத்திருக்காங்க, செடியை அறுத்து எரிச்சா சாம்பல்தான் தாது. ஆனா மண்ணுல நிக்கல் இருந்தாத்தானே செடி உறிஞ்சும், நம்ம செம்மண்ணுல அது ஏது? நியூசிலாந்துல 1998ல கடுகுச் செடிக்குள்ள தங்கத்தை ஏத்திக் காட்டுனாங்க, அதுக்கும் மண்ணுல தனியா ரசாயனம் ஊத்தித்தான் தங்கத்தைக் கரைக்க வேண்டியிருந்துச்சு.

பள்ளத்தூர் வள்ளி:
அப்ப ஒயர் கொளுத்துன இடத்துல செடியைப் போட்டாலும் ஆடு வந்து மேஞ்சிடும், ஈயமும் செம்பும் கறியிலயும் பாலுலயும் வந்து நிக்கும். வேலி போடாம அந்தப் பேச்சே வேணாம்.

ஊருணிக்கரை:
செடியை விட்ருவோம். 2022 மின்கழிவு விதிப்படி பதிவு பண்ணவங்கதான் இதைப் பிரிக்கணும். செம்புக்கு மட்டும் ஒரு சின்ன பிளான்ட், பக்கத்துல சிக்ரி. அண்ணே, இப்பவாவது கையெழுத்து போடுவீங்களா?

பட்டறைக்காரர்:
இரு தம்பி. ஒரு லிட்டர் தண்ணிக்கு எத்தனை கிராம் போர்டு போடலாம்?

தேவகோட்டை மைக்ரோ:
லேப்ல பெரும்பாலும் பத்து கிராம் பக்கம்தான். அதுக்கு மேல போனா போர்டுல இருக்குற விஷமே பாக்டீரியாவைக் கொன்னுடும். அதான் பாக்டீரியாவை முதல்ல தனியா வளத்துட்டு அப்புறம் போர்டுத் தூளைப் போடுறாங்க. கொஞ்சம் கொஞ்சமா பழக்குனா அளவைக் கூட்டலாம். பாக்டீரியாவுக்கு 30 டிகிரிதான் தோது, நம்ம சித்திரை வெயில்ல தொட்டியைக் குளுமையா வைக்கிற செலவு வேற இருக்கு.

பட்டறைக்காரர்:
பத்து கிராம்னா ஒரு டன் போர்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் ஆச்சு. மழைத்தண்ணியைக் குழாய் வச்சு வீட்டுக்குள்ள புடிச்ச ஊரு இது, தண்ணிக்காகவே ஊருணி வெட்டி காவல் போட்ட ஊரு.

தேவகோட்டை மைக்ரோ:
செம்பை இறக்குனப்புறம் அந்தத் தண்ணியில பெரும்பகுதியைத் திரும்ப உள்ள விடலாம்ணே. கொளுத்துற புகையும் கண்மாய்க்குப் போற ஆசிட்டும் மட்டும் கணக்குல வராதா?

பட்டறைக்காரர்:
வரும், அந்தப் புகையில நிக்கிற பயலுக எல்லாம் நம்ம பயலுகதான், அது வேணும்னு நான் சொல்லல. எத்தனை தடவை சுத்திவிடலாம், கடைசியில மிஞ்சுற புளிச்ச தண்ணியை எங்க விடுவீங்க, இந்த ரெண்டையும் மனுவுல எழுதிக் கொண்டாங்க. அது இல்லாம என் கையெழுத்து கெடையாது.