குரல் மாறினால் உடம்பு என்ன சொல்கிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தக்கலைக்காரி:

மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'குரல் பரிசோதனை முகாம்' நடத்தினார்கள். போனில் கொஞ்ச நேரம் பேச வேண்டும். பேசி முடித்ததும் நாலு பக்கத் தாள் கைக்கு வரும். எந்த உறுப்பு பலவீனம், மனதில் எந்தக் கவலை என்று கலர் கலராகக் கட்டம் போட்டிருக்கும். அடுத்த மேசையில் அதற்குரிய பொடி டப்பா. என் நாத்தனார் டப்பாவும் கையுமாக வந்து நிற்கிறாள். அவளிடம் வாதாடி முடியாமல்தான் இங்கே எழுதுகிறேன். குரலை வைத்து ஒன்றுமே தெரியாது என்று அடித்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு நோய் முதலில் குரலில்தான் தெரிந்தது.

சாயந்தரக் குடும்ப ஜெபத்தில் பாட்டு எடுப்பது என் மாமிதான். மகன் கீபோர்டில் சுதி பிடிப்பான். மாமி எடுக்கிற சுதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனது. அவனும் ஒவ்வொரு கட்டையாக இறங்கினான். ஒருநாள், "பாட்டி இப்போ அப்பா சுதிக்கு வந்துட்டாங்க" என்று சிரித்தான். நாங்களும் வயசு என்று நினைத்தோம். அப்புறம் முகம் உப்பியது, ஃபேன் காற்றே குளிருகிறது என்றார், மலச்சிக்கல் வந்தது. டாக்டர் பேச்சைக் கேட்டதுமே தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு குறைந்தால் ஏறுகிற டி.எஸ்.எச். எக்கச்சக்கம். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை ஆரம்பித்த பிறகு வீக்கம் முதலில் வடிந்தது, குரல் மெதுவாகத்தான் திரும்பியது. தைராய்டு சுரப்பு குறைந்தால் குரல் நாண்களிலும் நீர் கோர்த்துக் கனத்துப்போகும், அதனால் சத்தம் தடிக்கும் என்று டாக்டர் சொன்னார்.

உங்கள் வீடுகளில் இப்படி ஏதாவது உண்டா? முகாமுக்குப் போனவர்களும் சொல்லுங்கள்.


நாஞ்சில் நக்கல்:

அதே முகாமுக்கு நானும் போனேன். படிவத்தில் என் வீட்டுக்காரி பெயரையும் வயதையும் எழுதி, பெண் என்று டிக் போட்டுவிட்டு, நானே பேசினேன். என் தொண்டையைப் போனில் கேட்டவர் யாரும் பெண் என்று சொன்னதில்லை. தாள் வந்தது: கர்ப்பப்பை பலவீனமாம், ஹார்மோன் ஏற்றத்தாழ்வாம். குரலைக் கேட்டதா, படிவத்தைப் படித்ததா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தாளை பத்திரமாக வைத்திருக்கிறேன், பிரசவத்துக்கு உதவும்.


தூத்தூர் மகன்:

எங்கள் அப்பா ஆழ்கடல் தொழில். கொச்சி தோப்பும்படியில் போட் ஏறினால் கரைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். போட்டுக்கும் போட்டுக்கும் பேச்சு வயர்லெஸ்ஸில்தான். அப்பாவின் குரல் அந்தப் பக்கத்தில் பிரசித்தம். செட்டே வேண்டாம், போட்டின் முன்பக்க அணியத்தில் நின்று கூப்பிட்டாலே போதும் என்று கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்டவரை எல்லோரும் "சத்தமா சொல்லுங்க, கேக்கல்ல" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். செட்டில்தான் கோளாறு என்று மைக்கை மாற்றினார்கள், பாட்டரியை மாற்றினார்கள். கரைக்கு வந்தபோதும் அதே கதை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்னது?" என்று இரண்டு தடவை கேட்பார். அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் காது அடைத்துவிட்டது, தான் எப்போதும் போலத்தான் பேசுகிறேன் என்று சண்டை. டீசல் கணக்கு எழுதுகிற நோட்டில் எழுத்தும் பொடிப்பொடியாகிக்கொண்டு போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

கை நடுக்கம் வந்த பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனோம். பார்க்கின்சன். குரல் எப்போது தணிந்தது என்றுதான் அவர் முதலில் கேட்டார். இந்த நோயில் பெரும்பாலானவர்களுக்குக் குரல் தணிந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் தட்டையாகிவிடுமாம். நோயாளிக்கு மட்டும் தன் குரல் சரியாகவே கேட்குமாம். அப்பாவின் கோபத்துக்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. பயிற்சி கொடுத்தார்கள்: வாரத்துக்கு 4 நாள், 4 வாரம், அடிவயிற்றிலிருந்து 'ஆ...' என்று உரக்க இழுக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் பயந்துபோய் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். இப்போது பேச்சு கேட்கிறது. வீட்டிலும் தினமும் செய்தால்தான் நிற்கும்.


பேச்சுப் பயிற்சியாளர்:

நாகர்கோவிலில் இந்த வேலைதான் பார்க்கிறேன். மேலே உள்ளவர் சொன்ன பயிற்சி உண்மையானது. 1987-ல் அமெரிக்காவில் உருவானது, லீ சில்வர்மன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பெயரில் வழங்குகிறது.

முகாம் விஷயத்துக்கு வருகிறேன். குரல் நாண்கள் பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு 100 முதல் 150 தடவை, பெண்களுக்கு 200 தடவை வாக்கில் அதிரும். அந்த அதிர்வு ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் எவ்வளவு தடுமாறுகிறது என்பது ஜிட்டர். சத்தத்தின் பலம் எவ்வளவு தடுமாறுகிறது என்பது ஷிம்மர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதிய பிராட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, இதையெல்லாம் அளந்து தரும். எங்கள் அறையில் இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு: மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே 'ஆ'. நல்ல உடம்புள்ள பெரியவர் பொதுவாக 15 நொடிக்கு மேல் பிடிப்பார். 10-க்குக் கீழே நின்றால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

ஆனால் எண் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். குரல் கரகரக்கிறது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. சளி பிடித்தாலும் ஜிட்டர் ஏறும், நாணில் கட்டி வந்தாலும் ஏறும். ஏன் என்பதை மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டு நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சில நேரம் தொண்டையில் பார்த்தாலும் காரணம் அங்கே இருக்காது. இடது குரல் நாணுக்குப் போகும் நரம்பு நேரே தொண்டைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அதனால் நெஞ்சில் ஏதாவது வீங்கி அந்த நரம்பை அழுத்தினால் குரல் போகும். நுரையீரல் கட்டியாக இருக்கலாம், பெருந்தமனி வீக்கமாக இருக்கலாம். இதய வால்வு சுருங்கி இடது மேலறை பெருத்தவர்களுக்குக் குரல் கம்முவதை ஆர்ட்னர் என்ற மருத்துவர் 1897-லேயே எழுதிவைத்தார். குரலுக்காக என்னிடம் வந்து நெஞ்சு ஸ்கேனுக்குப் போனவர்கள் உண்டு.

ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 2023-ல் வந்த ஒரு ஆய்வில் இந்தியாவில் 267 பேரின் போன் பதிவுகளை வைத்து இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைக் கணிக்கப் பார்த்தார்கள். பெண்களில் 89 சதவீதம், ஆண்களில் 86 சதவீதம் சரியாக வந்ததாகச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். குரலோடு வயது, உயரம், எடையையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு என்பதைப் பல செய்திகள் விட்டுவிட்டன. அதுவும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் முடிகிற விஷயம். எந்த நேர்மையான ஆய்வும் பக்கத்து மேசையில் பொடி விற்பதில்லை.


குலசேகரம் – இப்போது குவைத்:

உடம்பைவிட மனசு குரலில் சீக்கிரம் தெரியும் என்பது என் அனுபவம்.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தார். தினமும் வாய்ஸ் மெசேஜ் வரும். அம்மாவின் பழைய மெசேஜ்களைக் கேட்டால் ஊரே அதற்குள் இருக்கும்: ரப்பர் பால் வெட்ட வந்தவன் லேட், பக்கத்து வீட்டுப் பலாமரத்துச் சக்கை நம் கூரையில் விழுந்தது, கோழியைக் கீரி பிடித்தது. திட்டும்போது குரல் மேலே ஏறி, கடைசியில் சிரிப்பில் வந்து நிற்கும். பிறகு மெசேஜ் சுருங்கியது. "சொகந்தான் மக்ளே. நீ தின்னியா?" அவ்வளவுதான். சத்தம் குறையவில்லை. ஏற்ற இறக்கம்தான் போய்விட்டது. கோழி செத்ததையும் ரப்பர் ஷீட் விலை ஏறியதையும் ஒரே குரலில் சொன்னார். போனில் நான் ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்ப்பேன்.

கிறிஸ்துமஸ் சமயத்து மெசேஜ் ஒன்றையும் புதியது ஒன்றையும் அடுத்தடுத்து என் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினாள். தூக்கம் இல்லை, சமையல் இல்லை, வெட்டுக்காரனுக்குக் கூலி கொடுத்ததுகூட நினைவில்லை. நாகர்கோவிலில் மனநல மருத்துவர் பார்த்தார், மனச்சோர்வு என்றார். மாத்திரையோடு, அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கவும் சொன்னார். இப்போது மறுபடி மெசேஜில் வசவு வருகிறது.


பேச்சுப் பயிற்சியாளர்:

நீங்கள் கவனித்த அதே விஷயங்களை, தணிந்த குரல், தயக்கம், ஒரே சுருதி என்று, கிரேப்லின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார். இன்றைய மென்பொருள்களும் இடைவெளியின் நீளத்தையும் ஏற்ற இறக்கத்தையும்தான் அளக்கின்றன. உங்களிடம் இருந்தது அதைவிட நல்லது: அம்மாவின் பழைய குரல். அமெரிக்கர்களின் ஆங்கிலப் பேச்சைக் கேட்டுப் பழகிய மென்பொருளுக்கு நம் குமரிப் பேச்சின் இழுவை எது, சோர்வு எது என்று எப்படித் தெரியும்? வீட்டுப் பெரியவர்களின் வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.


ஆசான் வீட்டுப் பேரன்:

எங்கள் தாத்தா வர்ம ஆசான். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, நாக்கு, நிறம், கண் இவற்றோடு 'மொழி'யும் ஒன்று. பித்தம் மிஞ்சினால் உரத்த குரல், கபம் மிஞ்சினால் தாழ்ந்த குரல் என்பார்கள். தாத்தா வந்தவரின் கையைப் பிடிக்கும் முன் கதை பேசவிடுவார். வாக்கியம் எங்கே உடைகிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று கேட்டுக்கொண்டிருப்பார். மூச்சு இரைப்பு உள்ளவரை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். அடுத்த தடவை வரும்போது எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பார்ப்பார். குரலை மட்டும் வைத்து அவர் யாருக்கும் மருந்து கொடுத்ததில்லை. எட்டும் பார்த்த பிறகுதான் கஷாயம்.


கருங்கல் டீச்சர்:

என்னுடையது சின்னக் கதை. அறுபது பிள்ளைகள் வகுப்பில் கத்திக் கத்தி நாணில் முடிச்சு விழுந்தது. தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்துக் குசுகுசுவென்று பேசினேன், அதுவும் நாணை வருத்துமாம். தண்ணீர், பயிற்சி, ஒரு சின்ன மைக். ஆபரேஷன் இல்லாமலே சரியானது.


புதுக்கடை:

ஒரு சந்தேகம். எங்கள் அப்பாவுக்கு வயது 58, பீடி உண்டு. ஓணத்துக்கு முன்னாலிருந்தே குரல் அடைத்திருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இந்த முகாமில் கிட்னி பலவீனம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பொடி தின்கிறார். கொஞ்ச நாள் பார்க்கலாமா?


பேச்சுப் பயிற்சியாளர்:

பார்க்க வேண்டாம். நாலு வாரத்துக்கு மேல் குரல் அடைத்திருந்தால் யாராக இருந்தாலும் குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும். பீடி குடிப்பவர் நாலு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வலி இல்லை என்பது தைரியம் தரும் விஷயமே அல்ல. குரல் நாணில் வரும் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, குரலை மட்டும்தான் மாற்றும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். இவருக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஓ.பி.யில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். விழுங்கும்போது தடை, கழுத்தில் கட்டி, எடை இறக்கம், சளியில் ரத்தம், இதில் எது இருந்தாலும் கேட்கும் முன்னே சொல்லுங்கள்.

எல்லோருக்கும் இன்னொன்று: வாரக்கணக்கில் மாறும் குரல் வேறு, திடீரென்று நாக்குக் குழறுவது வேறு. பேச்சு சட்டென்று குழறினாலோ வாய் ஒரு பக்கம் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடனே 108.


புதுக்கடை:

அப்பா வர மறுக்கிறார். டாக்டர் பீடியைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வார் என்று பயம்.


தக்கலைக்காரி:

தம்பி, பீடிச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தொண்டைக்குக் குழாய் விடப் போகிறோம், வேறு பேச்சு இல்லை என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நாலு பக்கத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் பார்க்கட்டும். எங்கள் நாத்தனார் தாளையும் வேண்டுமானால் தருகிறேன்.