பழைய கான்கிரீட் வழியை உடைக்காமல் மேலேயே பேவர் பிளாக் போடலாமா?

தக்கலைவாசி:
கேட்டிலிருந்து கார் ஷெட் வரை 35 அடி நீளம், 10 அடி அகலம், அப்பா காலத்தில் போட்ட கான்கிரீட் வழி. மேல்பூச்சு பெயர்ந்து ஜல்லி பல்லைக் காட்டுகிறது, டயர் ஓடும் இரண்டு தடத்திலும் தண்ணீர் நிற்கிறது, ஆனி ஆடியில் பிடித்த பாசி காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. போன மழையில் அம்மா வழுக்கி விழுந்து கை ஒடிந்தது, இனிமேலும் தள்ளிப்போட மனசில்லை. பார்க்க வந்த காண்ட்ராக்டர், உடைக்க வேண்டாம், மேலேயே மணல் விரித்து 60 எம்.எம். கனமுள்ள பேவர் கல் பதிக்கலாம், செலவு மிச்சம் என்கிறார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். 80 எம்.எம். வேண்டுமா?

கருங்கல் அண்ணன்:
தம்பி, உடைத்துவிடுங்கள். நாங்கள் மேலேயே போட்டுத்தான் பட்டோம். கல்லும் மணலுமாக மூன்றரை இஞ்ச் ஏறிவிட்டது, கேட் திறக்கவில்லை, அடிக்கம்பியை வெட்டி மறுபடி வெல்டிங் வைத்தோம். ஷெட் தரை தாழ்ந்துபோய் மழைத் தண்ணீர் நேரே உள்ளே வந்தது. அதைவிட, இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் பழைய கான்கிரீட்டில் தங்கி மணல் கூழாகிவிடும், கல்லை மிதித்தால் இடுக்கிலிருந்து சேறு பீய்ச்சி அடிக்கும். ஓரத்தில் கட்டை கட்டவும் இல்லை, ஒரே வருடத்தில் ஓர வரிசை செம்பருத்திப் பாத்திக்குள் சாய்ந்து, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் பெயர்த்து முதலிலிருந்து செய்தோம், இரட்டைச் செலவு.

கல் பதிக்கிறவன், மார்த்தாண்டம்:
கார், பைக் மட்டும் என்றால் 60 எம்.எம். போதும், எம் 35 தரம் (கான்கிரீட் வலிமையின் எண், கூடினால் வலு கூடும்) கேட்டு வாங்குங்கள். லோடு லாரி உள்ளே வரும் என்றால் 80, எம் 40. ஆனால் கல்லின் கனத்தை விட அடித்தளம்தான் முக்கியம். நம் செம்மண் நனைந்தால் இளகும், அதனால் வெட்டிய பிறகு ஜல்லியும் பாறைப்பொடியும் கலந்து ஆறு இஞ்ச் கனத்துக்கு, ஒரே தடவையாகக் கொட்டாமல் மூன்று இஞ்ச் மூன்று இஞ்சாகத் தண்ணீர் தெளித்து மெஷினில் இடிக்க வேண்டும். உடைத்த கான்கிரீட்டைச் சின்னதாக்கினால் அதிலேயே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் மணல் ஒரு இஞ்ச், மிஞ்சினால் ஒன்றரை. பள்ளத்தை மணலால் நிரவுகிறவர்களை நம்பாதீர்கள், மணல் கனத்த இடத்தில்தான் டயர் குழி விழும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

முதலில் இரண்டு ஓரமும் கான்கிரீட் கட்டை கட்டி, அது இறுகிய பிறகே கல். செவ்வகக் கல் என்றால் மீன்முள் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கச் சொல்லுங்கள், நேர்வரிசையில் போட்டால் வண்டி திரும்பும் இடத்தில் நகரும். பதித்ததும் மெஷின் ஓட்டி, காய்ந்த பொடிமணலைத் துடைப்பத்தால் இடுக்கில் தள்ளி மறுபடி ஓட்ட வேண்டும். தண்ணீர் வடிகிற வாட்டம் (சரிவு) 50 அடிக்கு ஒரு அடி, உங்கள் 35 அடிக்கு எட்டரை இஞ்ச் வரும்.

அப்புறம் அம்மா நடக்கிற வழி என்கிறீர்கள், பளபளப்பான கல்லை வாங்காதீர்கள், ஈரத்தில் வழுக்கும். மெஷினில் அழுத்திய சொரசொரப்பான கல் வாங்குங்கள்.

குலசேகரம் தோட்டம்:
பக்கத்தில் தென்னை உண்டா? வேர் கல்லைத் தூக்கலாம், கொஞ்சம் தள்ளியே ஓரக்கட்டை கட்டுங்கள். வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள், நம் பக்கம் இரண்டு மழைக்காலம், அடித்தளம் இடித்துப்போட்ட அன்று மழை வந்தால் பாடுபட்டது எல்லாம் சேறு.

தக்கலைவாசி:
எல்லோருக்கும் நன்றி அண்ணன்மாரே. இன்று காலை டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தேன், ஷெட் தரையிலிருந்து கேட் வாசல் பதினோரு இஞ்ச் தாழ்வு, வாட்டத்துக்குத் தாராளம். தென்னை ஒன்று நாலடி தள்ளி நிற்கிறது, அந்தப் பக்கம் வழியை ஒரு அடி குறைத்துக்கொள்கிறேன். உடைப்பதாகவே முடிவு செய்துவிட்டேன். ஓரக்கட்டையும் ஆறு இஞ்ச் அடித்தளமும் எழுத்தில் தருகிறவருக்குத்தான் வேலை, தை கழிந்ததும் தொடங்குகிறோம்.