குடியை விடும் கூட்டங்களில் பார்த்தது: மனசை விட்டுப் போகாத ஒன்றை எழுதுங்கள்

வெட்டுக்காடு:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். வட்டத்தில் அவருடைய மண்டோர் (தோட்டத்துக் கங்காணி). செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மண்டோரும் குடியை விட வந்தவர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) வேலை பிரிப்பவர் முன்னால் எவன் வாயைத் திறப்பான்? ஏ.ஏ.வில் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) யார் வந்தார் என்பதே வெளியே போகக்கூடாது. லயத்திலோ (தோட்டத்துக் குடியிருப்பு வரிசை) வெளியே நிற்கிற மோட்டார் சைக்கிளைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அடுத்த டவுனுக்கு மாற்றுங்கள். கோயில் மண்டபம் வேண்டவே வேண்டாம்.

பழைய லயம்:
அண்ணே, ராத்திரி அடுத்த டவுனுக்கு பஸ் ஏது? மோட்டாரில் போனால் சம்சு (மலிவுச் சாராயம்) கடையைத் தாண்டித்தானே திரும்பணும்? கோயிலை ஒதுக்காதீர்கள். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்த தம்பி, காவடி இறக்கிய ராத்திரியே போத்தலைத் திறந்தார். "நேர்த்திக்கடன் முடிஞ்சிருச்சு" என்றார். சாமிக்குக் கொடுத்த வாக்குக்குக் கெடு உண்டு. மாலை கழற்றும்போதே இரண்டு மூன்று பேர் நம்பரைக் கொடுத்து, அன்றிரவே கூட்டம் வையுங்கள்.

வார்டு அக்கா:
இடத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். "நேத்துலேர்ந்து தொடல" என்றார் ஒருவர், எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கையிலிருந்த தேநீர் சிந்திக்கொண்டே இருந்தது, சட்டை முழுக்க வியர்வை. கைதட்டுகிற நேரமா அது? காலையில் ஊற்றினால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர் சட்டென்று நிறுத்தக்கூடாது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 72 மணி நேரத்தில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். முதலில் கவர்மெண்ட் கிளினிக், பிறகு கூட்டம். ஒரு நாளைக்கு எத்தனை போத்தல், கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு உண்டா, மூன்றையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சாப்பிடாமல் குடித்த உடம்பில் வைட்டமின் பி1 குறைந்திருக்கும்; அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். வலிப்போ பிதற்றலோ வந்தால் 999. "கூட்டத்துக்கு வர்றவனுக்கு மருந்து எதுக்கு" என்கிற பெரியவர்களுக்கு: 1935இல் ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரே அறுவை மருத்துவர்தான்.

பசியாற வாங்க:
அக்கா சொல்வது சரி. நான் பார்த்தது: ஒருவர் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்த மனைவியே பதில் சொன்னார். மறுவாரம் அந்தக் கணவர் வரவில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற அமைப்பு 1951இலிருந்தே தனியாக இருக்கிறதே. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஆளுக்கு நான்கு நிமிடம், குறுக்கே பேசக்கூடாது. ஸ்பான்சர் (புதிதாக வந்தவருக்குத் துணை நிற்கும் பழையவர்) கடன் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் வாங்கியவர் அவர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு நின்றுவிடுவார். ஆபத்து சம்பள நாளில்தான். சட்டப்படி 7ஆம் தேதிக்குள் பணம் வந்தாக வேண்டும், கடைக்காரருக்கும் அது தெரியும். அன்று ஐந்தரைக்கே கூடுங்கள். ரொட்டி சானாய் வாங்கி வையுங்கள், பசித்த வயிறுதான் முதலில் போத்தலைத் தேடும்.

வெட்டுக்காடு:
ஐந்தரை பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர்களுக்குச் சரி. ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு? நேரம் மாறினால் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள், எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.