‘கொல்லிச் சோதனை’க்கு மாற்றுச்சொல்: ‘உயிர்தரியாமை’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

ஒரு வேதிப்பொருளோ கதிர்வீச்சோ சடுதிமாற்றத்தை (மரபணுவில் திடீரென நேரும் மாற்றத்தை)த் தூண்டுகிறதா என்று பழ ஈக் கலப்பின் மூலம் அறியும் முறையைப் ‘பால்சார் ஒடுங்கு கொல்லிச் சோதனை’ (sex-linked recessive lethal test) என்று எழுதிவருகிறோம். ‘பால்சார்’ என்றால் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது; ‘ஒடுங்கு’ என்றால் இணையான மரபணு நலமாக இருந்தால் வெளிப்படாதது. பூச்சிக்கொல்லி, கிருமிக்கொல்லி என்று பழகிய காதுக்கு இது மருந்தடித்து ஈயைக் கொல்லும் சோதனையாகத்தான் கேட்கும். பொருளும் சரியில்லை. பெரும்பாலும் இங்கே மரபணு எதையும் கொல்வதில்லை; வாழத் தேவையான மரபணு ஒன்று செயலிழக்கிறது, அது இல்லாமல் ஈ உயிர் தரிப்பதில்லை. எனவே ‘உயிர்தரியா மாற்றம்’ என்பதை முன்வைக்கிறேன்.

செய்முறையோடு ஒட்டிப் பாருங்கள். காட்டுவகை (இயல்பான சிவந்த உருண்டைக் கண் கொண்ட) ஆண் ஈக்களுக்குப் பொருளை ஊட்டுகிறோம். எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் என்ற சடுதிமாற்றத் தூண்டி என்றால் 1% சர்க்கரைக் கரைசலில் 25 மில்லிமோலார், 24 மணி நேரம். பிறகு பாஸ்க் (Basc) என்ற ஆய்வக வகைக் கன்னிப் பெண் ஈக்களோடு கலக்கிறோம். பாஸ்க் எக்ஸ் குரோமோசோமில் குறுக்கேற்றத்தை (இணைக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதை)த் தடுக்கும் தலைகீழ்த் திருப்பமும், பட்டைக் கண், வெளிறிய ஆப்ரிகாட் கண்நிறம் என்ற அடையாளங்களும் உண்டு. முதல் தலைமுறை மகள் ஒவ்வொன்றும் தந்தையின் எக்ஸ் ஒன்றைச் சுமக்கிறது. குப்பிக்கு ஒரு மகள் வீதம் உடன்பிறந்த ஆண்களோடு விட்டு 25 டிகிரியில் வளர்த்தால், பேரன்களில் பாதி பட்டைக் கண்ணும், பொருள் ஊட்டிய ஈயின் எக்ஸைப் பெற்ற பாதி சிவந்த உருண்டைக் கண்ணுமாக வர வேண்டும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் ஒடுங்கு மாற்றம் மறைய இடமில்லை. உருண்டைக் கண் ஆண் ஒன்றுகூட இல்லாத குப்பியே நாம் தேடுவது.

*

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் சொல்லுக்குக் கிளைகளும் வேண்டும். உருண்டைக் கண் ஆண்கள் அறவே இல்லாமல் போகாமல், மிகச் சிலவே வரும் குப்பிகளை என்னவென்று பதிவது? ‘அரைக்கொல்லி’யைவிட ‘அரிதில்தரி மாற்றம்’ தெளிவு. ஆனால் எல்லாக் குறைவும் அதுவல்ல. எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் பெரும்பாலும் டிஎன்ஏயின் ஒரே இழையைத் தாக்குவதால், மகளின் கருவணுக்களில் மாறியதும் மாறாததும் கலந்திருக்கும். அப்போதும் உருண்டைக் கண் ஆண்கள் குறைவாகவே பிறப்பார்கள். பேத்திகளைத் தனித்தனியே மீண்டும் பாஸ்க் ஆண்களோடு கலந்தால்தான் எது எதுவென்று பிரியும். மாறியதும் மாறாததும் கலந்த நிலைக்குக் ‘கலவை’ என்று வேறு சொல் வைத்துக்கொள்வோம்.

எண்ணிக்கை குறைந்த குப்பிகளும் ஏமாற்றும். நான்கே ஆண்கள் பிறந்த குப்பியில் நான்கும் பட்டைக் கண்ணாக அமைவது தற்செயலாகவே 16-இல் ஒரு முறை நடக்கும். மொத்தம் 20 ஈக்கள்கூட வராத குப்பியை முடிவாகக் கொள்ளாமல் மறுகலப்புக்கு அனுப்ப வேண்டும்.

கன்னி ஈக்களை 25 டிகிரியில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரிக்க வேண்டியது முதல் கலப்புக்கு மட்டும்தான். அடுத்த கலப்பில் உடன்பிறந்த ஆண்கள் எல்லாமே பாஸ்க் என்பதால் கவலையில்லை. முதல் கலப்பில் பிழை நேர்ந்தாலும் கண் காட்டிக்கொடுக்கும்: நமக்கு வேண்டிய மகளின் கண் சிறுநீரக வடிவம், தாய்வகை ஆணோடு முன்பே கலந்த பெண்ணின் மகளுக்கோ குறுகிய பட்டைக் கண்.

குப்பியில் தந்தையின் எண்ணை எழுதத் தவறக் கூடாது. ஒரே தந்தையின் மகள்களில் நான்கைந்து பேர் ‘தரியா’ காட்டினால், விந்துத் தாய்ச்செல்லில் முன்பே நேர்ந்த ஒற்றை மாற்றம் பெருகியிருக்கலாம். அதைத் தனித்தனி நிகழ்வுகளாக எண்ணினால் விகிதம் பொய்யாக ஏறும்.

*

ஏற்கிறேன். ‘அரிதில்தரி’, ‘கலவை’ இரண்டும் இருக்கட்டும். 1927-இல் மரபியலாளர் முல்லர் கையாண்ட, சிஎல்பி (ClB) என்ற எக்ஸ் குரோமோசோமைப் பயன்படுத்தும் முறைக்கும் சொல் ஒத்துவருகிறது. அந்தக் குரோமோசோமிலேயே ஓர் உயிர்தரியா மரபணு இருந்ததால் பேரன்களில் பாதி எப்படியும் பிறக்காது. தந்தையின் எக்ஸும் மாறியிருந்தால் குப்பியில் ஆணே இராது.

இலங்கையில் விகாரம், பின்னிடைவு என்றும் தமிழ்நாட்டில் சடுதிமாற்றம், ஒடுங்கு என்றும் எழுதுவார்கள். ‘உயிர்தரியா’ இரண்டோடும் ஒட்டும். முழுப்பெயர் ‘பால்சார் ஒடுங்கு உயிர்தரியாமைச் சோதனை’. தூண்டாத ஈக்களிலேயே ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு தானாக வருவதால் ஆயிரக்கணக்கான குப்பிகளை எண்ண வேண்டியிருக்கும். பதிவேட்டுக் கட்டத்துக்கு ‘தரியா’, ‘தரி’, ‘ஐயம்’ போதும்.