புதுப்பிப்பு: நிக்கானின் இலவச மென்பொருளில் ரா எடிட்டிங்

மாதச் சந்தா கட்டாமல் ரா படங்களை (கேமரா சென்சார் பதிவு செய்த, ஜேபெக் ஆக்காத மூலப் படங்களை) திருத்த வழி உண்டா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "நிக்கான் கேமராதானே, அவங்களோட என்எக்ஸ் ஸ்டுடியோ போட்டுப் பாருங்க" என்றீர்கள். போட்டுப் பார்த்தேன். இனி எனக்கு இதுவே போதும், எல்லோருக்கும் நன்றி.

காசிமேட்டில் விடியலுக்கு முன் எடுத்த மீன் ஏலப் படங்கள் எல்லாம் பல்பு வெளிச்சத்தில் மஞ்சளாகக் கிடந்தன. ஒயிட் பேலன்ஸில் (வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் பகுதி) சாம்பல் புள்ளி எடுக்கும் கருவியை வெள்ளைத் தெர்மகோல் பெட்டியின் நிழல் பக்கத்தில் வைத்து ஒரு கிளிக். மஞ்சள் இறங்கியது, வஞ்சிரத்தின் வெள்ளிப் பளபளப்பு அப்படியே வந்துவிட்டது! ஏலம் கூவும் அக்காவின் முகத்தை மட்டும் தூக்கிக் காட்ட படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்த உதவும் கலர் கன்ட்ரோல் பாயின்ட் கைகொடுத்தது. 2021இல் வந்த இலவச மென்பொருளில் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

நிறம்தான் இதன் பெரிய பலம். கேமராவில் வைத்த பிக்சர் கன்ட்ரோல் (படத்தின் நிறம், கான்ட்ராஸ்ட் எப்படி இருக்க வேண்டும் என்ற அமைப்பு) அப்படியே திறக்கும். பிடிக்காவிட்டால் பிறகு ஃபிளாட், நியூட்ரல் என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று கவனியுங்கள். திருத்தங்கள் மூலக் கோப்பில் எழுதப்படுவதில்லை, பக்கத்திலேயே உருவாகும் துணை ஃபோல்டரில் போய் உட்காரும். ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது அதையும் சேர்த்து காப்பி செய்யுங்கள்.

பழைய லேப்டாப்பில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது. வேறு கம்பெனி கேமராவின் ரா இதில் திறக்காது. கேனான்காரர்களுக்கு அந்தக் கம்பெனியின் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல் மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.