ஹார்டு டிஸ்க்கை வேறு மடிக்கணினியில் மாட்டியதும் நீலத்திரை வருகிறது, உதவி தேவை

குடியாத்தம் கைலிக்கடை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கடை மடிக்கணினியின் மதர்போர்டு போய்விட்டது. அதே நிறுவனத்தின் அதே வரிசை மடிக்கணினி ஒன்றைப் பழையதாக வேலூரில் வாங்கி, எங்கள் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டினேன். விண்டோஸ் திறக்காமல் நீலத்திரை வந்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. டேலி கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்தாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே வழி சொல்லுங்கள்.

காட்பாடி சந்திப்பு:
ஐயா, எந்த விண்டோஸ், நீலத்திரையில் இருக்கும் வாசகம் என்ன, டிஸ்க் 2.5 அங்குல சாட்டா இணைப்பு வகையா அல்லது சிறு அட்டை வடிவ எம்.2 வகையா என்ற மூன்றையும் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். ‘அதே வரிசை’ என்பது போதாது. வெளிக்கூடு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் போர்டு ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ஆற்காடு சர்வீஸ்:
எனக்கு இணைப்பின் மீதுதான் சந்தேகம். 9.5 மி.மீ. தடிமன் டிஸ்க்குக்கான இடத்தில் 7 மி.மீ. டிஸ்க்கை அணை இல்லாமல் வைத்தால் அது ஆடும், ஆடினால் சாட்டா முனை சரியாகப் பதியாது. பழைய கணினியில் டிஸ்க்கைச் சுற்றியிருந்த தகரச் சட்டத்தையும் அதன் நான்கு திருகுகளையும் சேர்த்து மாற்றினீர்களா? டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

வாணியம்பாடி தோல்மண்டி:
இது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கராக இருக்கும். பூட்டின் சாவி பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் இருப்பதால், வேறு கணினியில் மாட்டியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அங்கே பாருங்கள்.

ராணிப்பேட்டை மூத்த உறுப்பினர்:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. புதிதாக வருபவர்கள் பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்பதே முறை. ஒரு கணினியில் நிறுவிய விண்டோஸை இன்னொன்றில் ஓட்டுவது அடிப்படையிலேயே தவறு. தரவை எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுங்கள். மற்றதெல்லாம் நேர விரயம்.

குடியாத்தம் கைலிக்கடை:
விண்டோஸ் 10, 2.5 அங்குல டிஸ்க். சட்டத்தோடுதான் மாற்றினேன், சத்தம் எதுவும் இல்லை. எந்த எண்ணையும் கேட்கவில்லை. விண்டோஸ் சின்னம் வந்து புள்ளிகள் சுற்றிய பிறகு ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வருகிறது.

காட்பாடி சந்திப்பு:
இந்த வாசகத்தைத்தான் கேட்டேன். கணினி எந்தப் படி வரை போய் நிற்கிறது என்பதைக் கொண்டே கோளாறு இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். டிஸ்க் சரியாகப் பதியாவிட்டாலும், கணினி தொடங்கும் புது முறையான யூஇஎஃப்ஐயும் பழைய முறையான லெகஸியும் பொருந்தாவிட்டாலும், பூட் செய்ய எதுவும் இல்லை என்ற செய்தியோடு தொடக்கத்திலேயே நின்றிருக்கும். பிட்லாக்கர் என்றால் எண் கேட்டிருக்கும். உங்களுக்கோ விண்டோஸ் சின்னம் வரை வருகிறது. அதாவது, பயாஸ் (போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) டிஸ்க்கைப் படித்து விண்டோஸை நினைவகத்தில் ஏற்றிவிட்டது. ஏறிய விண்டோஸ் வன்பொருளை இயக்கும் தன் சொந்த டிரைவர் மென்பொருளைக் கொண்டு அதே டிஸ்க்கைத் திறக்கும்போதுதான் அதற்கு வழி கிடைக்கவில்லை.

இதற்குப் பெரும்பாலும் காரணம் சாட்டா முறை, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் விதம். சில மடிக்கணினிகள் ஏஹெச்சிஐ முறையிலும், சில இன்டெல்லின் ரெய்டு முறையிலும் அமைக்கப்பட்டு வருகின்றன. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்குவதற்கானது என்றாலும், டிஸ்க் ஒன்றே ஒன்று இருக்கும்போதும் ரெய்டு என்றே வைத்திருப்பார்கள். தான் நிறுவப்பட்ட முறைக்கான டிரைவரை மட்டும் தொடக்கத்தில் ஏற்றும்படி வைத்துக்கொண்டு மற்றதை விண்டோஸ் ஒதுக்கிவிடுவதால், முறை மாறியதும் தடுமாறுகிறது.

முதலில் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி சாட்டா உறை ஒன்றில் போட்டு, வேறு கணினியில் செருகி டேலியின் தரவுக் கோப்புறையைப் படியெடுத்துவிடுங்கள். உள்ளே 10000 என்பதுபோல் எண் பெயருடன், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கோப்புறை இருக்கும். அது கையில் வந்த பிறகு டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போய், ‘சாட்டா ஆபரேஷன்’ அல்லது ‘சாட்டா மோட்’ என்ற இடத்தில் இப்போது இருப்பதைக் குறித்துக்கொண்டு மற்றதற்கு மாற்றுங்கள். தனி டிஸ்க்கில் இதனால் தரவு அழியாது. அப்போதும் திறக்காவிட்டால், தானாக வரும் பழுதுத்திரையில் ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வழியாகச் சேஃப் மோடில் திறந்து பாருங்கள்; பெரும்பாலும் அங்கே அடிப்படை டிரைவர்களோடு எழுந்துவிடும், அடுத்த முறை வழக்கம்போலத் திறக்கும். அந்தத் திரையில் ‘ரீசெட் திஸ் பிசி’ என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

ராணிப்பேட்டை மூத்த உறுப்பினர்:
திறந்தாலும் பழைய டிரைவர் குப்பை அப்படியே இருக்கும். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமமும் அந்தப் போர்டுக்கு உரியது. மேலும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. இத்தனை வருடம் இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கேட்டால் உங்களுக்கு நல்லது.

ஆரணி பட்டுநூல்:
மூத்தவர் சொல்வது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக்கு முழுக்கப் பொருந்தும், விண்டோஸ் ஏழுக்கும் பெருமளவு பொருந்தும். எட்டிலிருந்து விண்டோஸ் புதிய வன்பொருளைத் தானே கண்டறிந்து அமைத்துக்கொள்கிறது. யூஎஸ்பியில் வைத்து எந்தக் கணினியிலும் பூட் செய்யும் ‘விண்டோஸ் டு கோ’ வசதியை எட்டின் எண்டர்பிரைஸ் பதிப்பில் மைக்ரோசாஃப்டே கொடுத்தது. அடிப்படையிலேயே தவறு என்றால் எப்படிக் கொடுத்திருக்கும்? உரிமத்துக்கும் வழி உண்டு. வாங்கிய மடிக்கணினியின் பயாஸிலேயே அதற்குரிய விண்டோஸ் சாவி இருக்கக்கூடும்; டிஸ்க்கில் இருப்பதும் அதே ஹோம் அல்லது அதே ப்ரோ பதிப்பாக இருந்தால் இணையத்தில் இணைத்ததும் பெரும்பாலும் செல்லுபடியாகிவிடும். பதிப்பு வேறானால் மட்டுமே சிக்கல்.

ராணிப்பேட்டை மூத்த உறுப்பினர்:
‘பெரும்பாலும்’ என்று நீங்களே எழுதுகிறீர்கள். கடைக் கணக்கைப் ‘பெரும்பாலும்’ மீது ஓட்டக் கூடாது என்பதுதான் என் கருத்து.

ஆரணி பட்டுநூல்:
கெடு தலைமேல் நிற்கும்போது எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, பிரிண்டர், கையொப்ப டோக்கன், வங்கி மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்க எந்தக் கடைக்காரருக்கும் இயலாது. தாக்கல் முடியட்டும், அந்தக் கணினி தாங்குமென்றால் பிறகு விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளட்டும்.

வாணியம்பாடி தோல்மண்டி:
டேலியை மறந்துவிட்டீர்கள். அதன் உரிமம் கணினியோடு பிணைந்தது. போர்டு மாறியதும் உரிமம் இல்லாதவர்களுக்கான கல்வி முறைக்குப் போய்விட்டால், மாதத்தின் 1, 2 மற்றும் கடைசித் தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும். வரிசை எண்ணையும் பதிவு செய்த மின்னஞ்சலையும் எடுத்து வைத்துக்கொண்டு, உரிமத்தை மறுபடி இயக்கிக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் கைலிக்கடை:
ரெய்டு என்று இருந்தது. ஏஹெச்சிஐக்கு மாற்றியதும் திறந்துவிட்டது. கணக்கை முன்பே பென் டிரைவில் எடுத்துவிட்டேன். டேலி உரிமம் கேட்கிறது, ஆடிட்டர் அலுவலகத்தில் வரிசை எண் வாங்கப் போகிறேன். அனைவருக்கும் நன்றி.

காட்பாடி சந்திப்பு:
மகிழ்ச்சி ஐயா. பயாஸ் பேட்டரி தீர்ந்தாலோ, யாராவது ‘லோட் டிஃபால்ட்ஸ்’ அழுத்தினாலோ சாட்டா முறை மறுபடி ரெய்டுக்கே போய்விடும், அதே நீலத்திரை வரும். ‘சாட்டா ஏஹெச்சிஐ’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.